இமயத்துக் கோடையும் ஒரகடத்து வண்டியும்

இமயமலையில் கோடை என்பது பனி விலகி வழி திறக்கும் காலம். இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கில் ஜனவரியில் பனிச்சறுக்குக்காரர்கள் இறங்கும் சரிவுகள் ஜூன் மாதத்தில் பச்சைப் புல்வெளியாகக் கிடக்கும். சறுக்க வந்தவர்கள் ஊர் திரும்பியபின் அதே விடுதிகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் போக விரும்பும் இடம் லடாக்கின் லே. மணாலியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் உள்ள கணவாய்களில் இரண்டு 5,000 மீட்டர் உயரத்தைத் தாண்டியவை. இந்தச் சாலையில் இன்று அடிக்கடி கண்ணில் படும் வண்டி ராயல் என்ஃபீல்டின் ‘ஹிமாலயன்’. பனியையே பார்த்திராத ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் உருவாகும் வண்டி அது.

கோடையில் மலையைச் சக்கரத்துக்குத் திறந்துவிடும் பழக்கம் இமயத்துக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் அது பெரிய தொழில். பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மொர்சின் போன்ற சறுக்கு ஊர்களில், குளிர்காலத்தில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் கம்பிவட நாற்காலிகளில் கோடையில் கொக்கி மாட்டி சைக்கிள்களை ஏற்றுகிறார்கள். மேலே போனவர்கள் காட்டுத் தடங்கள் வழியே மிதிக்காமலே இறங்கி வருகிறார்கள். பிரான்சின் அல்ப் துவேஸில் 1995 முதல் நடக்கும் மெகாவலான்ஷ் பந்தயம் 3,300 மீட்டர் உயரத்தில் பனியாற்றின் மீதே தொடங்குகிறது. கனடாவின் விஸ்லர் சறுக்குத்தலம் 1999-இல் தன் சரிவுகளை மலை சைக்கிள் பூங்காவாகத் திறந்தது. அங்கெல்லாம் ஏற்றத்தைக் கம்பிவடம் பார்த்துக்கொள்கிறது. வண்டிக்கு இறக்கம் ஒன்றுதான் வேலை. இமயத்திலோ கோடைப் பயணம் சாலையை நம்பியே வளர்ந்தது. அதனால் ஏற்றம், இறக்கம், கல், ஆறு, குளிர் அனைத்தையும் ஒரே வண்டி தாங்க வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து ஒரகடத்துக்கு

மலையோடு ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்துக்கு உள்ள உறவு பழையது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் இங்கிலாந்திலிருந்து அதன் புல்லட் வண்டிகளை வரவழைத்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்ட் இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் சென்னையில் புல்லட் தயாராகிக்கொண்டிருந்தது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது.

2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் அருகிலுள்ள வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் ரெனோ–நிஸான் கார்கள், டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள், யமஹா மோட்டார் சைக்கிள்கள், அப்பல்லோ டயர்கள் என வாகனத் தொழிலின் பெரும்பகுதி ஒரு மணி நேரத் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் ஏரியும் வயலுமாக இருந்த சமவெளி இது. கடல் மட்டத்திலிருந்து உயரம் சில பத்து மீட்டர்தான். மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். வண்டி பிறக்கும் இடத்துக்கும் ஓடும் இடத்துக்கும் இடையே 5,000 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு உண்டு.

ஹிமாலயன் வருமுன் லே சாலையில் ஓடியது பெரும்பாலும் புல்லட்தான். 2004 முதல் நிறுவனமே ‘ஹிமாலயன் ஒடிசி’ என்ற பெயரில் ஆண்டுதோறும் கோடைப் பயணங்களை நடத்திவந்தது. புல்லட்டில் போனவர்களுக்கு அதன் பலமும் தெரியும், பாடும் தெரியும். தாழ்ந்த அடிப்பகுதி கல்லில் இடிக்கும். சிறிது தூரமே அமுங்கும் ஷாக் அப்சார்பர் முதுகைப் பதம் பார்க்கும். மலைக்கென்றே வரைந்த வண்டி 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதன் சட்டகத்தை வடிவமைத்தது இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம். அந்த நிறுவனத்தை ராயல் என்ஃபீல்ட் 2015-இல் வாங்கியிருந்தது.

மெலிந்த காற்றில் இன்ஜின்

மலை முதலில் கை வைப்பது இன்ஜினின் மூச்சில். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. மணாலி–லே சாலையில் 5,330 மீட்டர் உயரத்தில் உள்ள தங்லங் லா கணவாயில் அது 0.7 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. சிலிண்டரின் கொள்ளளவு மாறாததால் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் காற்று ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. எரிக்க முடிந்த பெட்ரோலும் அதே அளவு குறைகிறது. முதல் ஹிமாலயனின் 411 சிசி இன்ஜின் சமவெளியில் 24.5 குதிரைத்திறன் தரும். தங்லங் லாவில் அதற்கு மிஞ்சுவது சுமார் 14 அல்லது 15 தான். பின்னால் ஓர் ஆள், இருபுறமும் பைகள், நடுவில் ஏற்றம் என்றால் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் ஊர்ந்து போகும்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் சேரும். கார்புரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. காற்று மெலிந்தாலும் அதன் ஜெட் பெட்ரோலைக் கிட்டத்தட்ட பழைய கணக்கிலேயே விடும். கலவையில் பெட்ரோல் மிகுந்து புகை கறுக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், ஐட்லிங்கில் வண்டி அணைந்து அணைந்து போகும். அதனால்தான் வழியில் உள்ள கீலாங்கிலும் லேயிலும் மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், ஜெட்டைச் சிறியதாக மாற்றிப் போடுவதும் வழக்கமான வேலையாக இருந்தது. முதலில் கார்புரேட்டரோடு வந்த ஹிமாலயனுக்கு 2017-இல் பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதியை ஒட்டி எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. காற்றின் அழுத்தத்தை ஒரு உணரியும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இன்னொரு உணரியும் சொல்ல, சிறு கணினி பெட்ரோலின் அளவை ஒவ்வொரு சுழற்சிக்கும் திருத்துகிறது. இழந்த திறனை அதனால் மீட்டுத் தர முடியாது. கலவை கெடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மலைக்கு வேகத்தைவிட இழுவை முக்கியம். 411 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 86 மி.மீ. விட்டத்தைவிட நீளம் கூடிய இத்தகைய இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். அதன் உச்ச இழுவையான 32 நியூட்டன் மீட்டர் 4,000 முதல் 4,500 சுற்றுகளுக்குள் கிடைத்துவிடும். கொண்டையூசி வளைவில் வேகம் விழுந்து எழும்போது, ஆக்சிலரேட்டரை முறுக்காமலே வண்டி ஏற வேண்டும். மணாலி–லே சாலையின் கட்டா லூப்ஸ் ஏற்றத்தில் அப்படி 21 வளைவுகள் அடுத்தடுத்து வரும். இதே இன்ஜின் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தத் திணறுகிறது என்ற குறையும் வண்டி வந்த நாளிலிருந்தே உண்டு. மலைக்காகச் செய்த தேர்வுக்குச் சமவெளியில் கொடுத்த விலை அது.

கல்லும் ஆறும்

முதல் ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். பெரிய முன்சக்கரம் கல்லையும் குழியையும் மோதி நிற்காமல் ஏறிக் கடக்கும். ஆரக் கம்பிகள் கொண்ட சக்கரம் அடி வாங்கும்போது சற்று வளைந்து கொடுக்கும். பட்டறையில் கம்பியை முறுக்கிக் கோணலை எடுத்துவிடலாம். வார்ப்புச் சக்கரம் வெடித்தால் மலையில் மாற்று கிடைக்காது.

முன்பக்க ஃபோர்க் 200 மி.மீ. வரை அமுங்கும். ஆல்ப்ஸ் சரிவுகளில் இறங்கும் டவுன்ஹில் பந்தய சைக்கிள்களின் ஃபோர்க்கும் ஏறத்தாழ இதே அளவுதான் அமுங்குகிறது. ஒன்று கால்நூறு கிலோகூட எடையில்லாத சைக்கிள், மற்றது இருநூறு கிலோவை நெருங்கும் மோட்டார் சைக்கிள். கல்லும் பள்ளமும் இரண்டிடமும் கேட்கும் நீளம் ஒன்றாக இருக்கிறது. வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 220 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பழைய புல்லட்டில் இது 140 மி.மீ. அளவில்தான் இருந்தது. இவ்வளவு உயர்த்தியும் இருக்கையை 800 மி.மீ. உயரத்தில் நிறுத்தியிருப்பதால், நடுத்தர உயரமுள்ளவர்களும் இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடிகிறது. சரளைக் கல்லில் வண்டி சாயும்போது இந்தக் கால் ஊன்றல்தான் விழாமல் காப்பாற்றும்.

சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் பனியோடைகளை அங்கே நாலா என்பார்கள். பாராலாச்சா லா கணவாயின் இருபுறமும், ஜிங்ஜிங் பார், பரத்பூர் பகுதிகளில் இவை பேர்போனவை. இவற்றுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. இரவில் பனி உறைந்து கிடப்பதால் விடிகாலையில் கணுக்காலளவு நீர்தான் ஓடும். வெயில் ஏற ஏற மேலேயுள்ள பனி உருகும். அந்த நீர் சாலைக்கு வந்து சேரும்போது பிற்பகல் ஆகிவிடும். காலையில் கூழாங்கல் தெரிந்த இடத்தில் மூன்று மணிக்கு முழங்கால் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும். அடியிலிருக்கும் கல் தெரியாது. அதனால் விடியும் முன்பே கிளம்பி நண்பகலுக்குள் நாலாக்களைத் தாண்டுவது அங்கே எழுதப்படாத விதி. முதல் கியரில், ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்காமல் ஒரே சீராகக் கடக்க வேண்டும். நடுவில் இன்ஜின் அணைந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக் கரை சேர்ப்பதே நல்லது. காற்று வடிகட்டி வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இறக்கத்தில் ஆபத்து வேறு வகை. கியரை நியூட்ரலில் போட்டுப் பிரேக்கை மட்டும் பிடித்து இறங்கினால் பிரேக் தட்டு சூடேறி, பிரேக் திரவம் கொதித்துப் பிடிமானம் போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பழைய பாடம். இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். உதிர்ந்த சரளையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சக்கரத்தை அடிக்கடி விடுவிப்பதால் வண்டி நிற்கும் தூரம் கூடும். அதனால் 2020 முதல் ஹிமாலயனில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்து வைக்கும் வசதி வந்தது.

365 கிலோமீட்டர் பலகை

சந்திரா, பாகா ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள தாண்டி கிராமத்தின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அறிவிக்கும் பலகை பல ஆண்டுகளாகப் புகைப்படங்களில் இடம்பெற்றுவரும் ஒன்று. முதல் ஹிமாலயனின் டேங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் 450 கிலோமீட்டர் போகலாம். முதல் கியரில் ஏறும் மலையில் அது குறையும். டேங்கின் இருபுறமும் இருக்கும் இரும்புச் சட்டங்களில் ஜெர்ரி கேன் மாட்ட இடம் விட்டிருப்பது இதற்காகத்தான்.

2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயன் இந்த அளவுகளை இன்னும் ஒரு படி தள்ளியது. ராயல் என்ஃபீல்டில் திரவத்தால் குளிரும் முதல் இன்ஜின் அதில் இருக்கிறது. 452 சிசி, 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆறு கியர். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு மெலிந்த காற்று சூட்டை எடுத்துப்போவதும் குறைவு. ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அது இன்னும் குறையும். மூடிய அழுத்தத்தில் ஓடும் திரவம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. தரை இடைவெளி 230 மி.மீ. ஆனது, டேங்க் 17 லிட்டர் ஆனது, பின்சக்கரமும் 200 மி.மீ. அமுங்குகிறது. 40 குதிரைத்திறனில் ஐந்தில் இரண்டு பங்கை மலை எடுத்துக்கொண்டாலும், பழைய வண்டி சமவெளியில் தந்த அளவு கணவாயிலும் மிஞ்சுகிறது.

திறந்திருக்கும் மாதங்கள்

மணாலி–லே சாலை வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ திறந்து, குளிர்காலத்தில் பனியால் அடைபடும். பனியை வெட்டி வழி எடுப்பது எல்லைச் சாலைகள் நிறுவனம். 2020 அக்டோபர் 3-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 3,978 மீட்டர் உயர ரோதங் கணவாயைத் தவிர்த்து, மணாலிக்கும் கீலாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டரைக் குறைத்தது. சோலாங்கைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சுரங்கத்தின் தென்வாய் வருகிறது. லாகூல் பள்ளத்தாக்குக்கு ஆண்டு முழுவதும் வழி கிடைத்தாலும், அதற்கப்பால் லே வரையிலான கணவாய்கள் கோடையை நம்பியே இருக்கின்றன. அதே மாதங்களில் சைக்கிளை மிதித்தே லே போகிறவர்களும் உண்டு.

ஆளின் உடம்பும் இன்ஜினைப் போலவே காற்றுக்கு ஏங்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை மலைநோயின் முதல் அறிகுறிகள். மணாலியிலிருந்து கிளம்பி முதல் இரவை 4,290 மீட்டர் உயர சர்ச்சுவில் கழிப்பவர்களுக்கு அது அதிகம் வருகிறது. 3,100 மீட்டரை ஒட்டிய கீலாங்கிலோ சற்று மேலே ஜிஸ்பாவிலோ ஓரிரவு தங்கிப் போவது உடம்பைப் பழக்கும். அறிகுறி முற்றினால் மருந்தை நம்பிக் காத்திராமல் உடனே கீழே இறங்குவதே வைத்தியம். லேயும் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் ஓய்வு என்பதே அங்குள்ள வழக்கம்.

சென்னையிலிருந்து சொந்த வண்டியோடு போகிறவர்கள் டெல்லி வரை ரயிலில் பார்சல் போடுவதுண்டு. பதிவுச் சான்றின் நகலும் அடையாள அட்டையும் கொடுத்து, டேங்கில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்துவிட்டு, வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்தபிறகே பார்சல் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியையும் கிளட்ச் பிடியையும் முன்பே கழற்றி வைப்பது கைகண்டவர்கள் செய்வது. மணாலியில் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வெளியூர் வாடகை வண்டிகளை லேக்கு அப்பாலுள்ள நுப்ரா, பாங்காங் போன்ற இடங்களில் ஓட்ட லடாக்கின் வாடகை வண்டிச் சங்கத்தார் விடுவதில்லை. லேயில் உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும்.

மலை சுமக்கும் சுமை

கோடையில் குவியும் வண்டிகளைப் பார்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ரோதங் கணவாய்க்கு ஒரு நாளில் போகும் வாகனங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் சாலையை விட்டு விலகிப் புல்லில் ஓட்டும் டயர்த் தடங்கள் எளிதில் மறைவதில்லை. மழை குறைந்த அந்த மண்ணில் புல் மீண்டும் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பஷ்மினா ஆடு மேய்க்கும் குடும்பங்களின் மேய்ச்சல் நிலம் அது.

பனியும் தன் கணக்கை மாற்றிக்கொண்டு வருகிறது. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் சறுக்குத்தலம் பனியில்லாமல் பழுப்பேறிக் கிடந்தது. ஆல்ப்ஸில் தாழ்வான உயரத்தில் இருக்கும் சறுக்கு ஊர்கள் பனி பொய்க்கும் ஆண்டுகளுக்கு ஈடாகக் கோடை சைக்கிளை நாடுவதும் இதனால்தான். சக்கரத்துக்கு இது நல்ல காலம் என்று எண்ண இடமில்லை. திடீர் உருகலும் மேகவெடிப்பும் நிலச்சரிவும் கோடைச் சாலையை நாள் கணக்கில் அடைத்துவிடுகின்றன. வண்டியின் அளவுகளை ஒரகடத்தில் மாற்றிக்கொள்ளலாம். சாலை திறந்திருக்கும் நாட்களை முடிவு செய்வது அங்குள்ள பனியும் மழையும்தான்.